மலிவு மென்பொருள் வந்தபிறகு எல்லா எலக்ட்ரானிக் டிராக்கும் ஒரே மாதிரி கேட்பது ஏன்?

லூப்பாண்டி

சண்டைக்கு இழுக்கலை, உண்மையாவே கேக்கறேன். நம்ம ‘புது டிராக்’ பகுதியில வர்றதை வரிசையா ஓட விட்டுக் கேட்டுப் பாருங்க. அதே கிக் டிரம், கிக் விழும்போதெல்லாம் அமுங்கி எழுந்திரிக்கிற அதே பேட் (பின்னாடி நீளமா ஒலிக்கிற சத்தம்), எட்டு பார் (தாளச் சுத்து) முடிஞ்சதும் சொய்ங்னு ஏறுற அதே ரைசர், அப்புறம் எல்லாம் ஒண்ணாக் கொட்டுற டிராப். பேரை மறைச்சுட்டா பெத்த அம்மாவுக்கே யார் போட்டதுன்னு தெரியாது.

என் கணக்குல, கருவி மலிவானதுதான் காரணம். முன்னாடி சின்தசைசர், அதாவது மின்னணுவா ஒலியை உருவாக்கற கருவி, வாங்கணும்னா நகையை அடகு வைக்கணும். அவ்வளவு போட்டு வாங்கினவன் அதோட ராப்பகலா மல்லுக்கட்டினான், புதுசா ஏதோ ஒண்ணு வந்துச்சு. இப்ப வைட்டல்ங்கிற மென்பொருள் சின்தசைசர் 2020-லேர்ந்து இலவசம். மாசச் சந்தா கட்டினா அள்ள அள்ளச் சாம்பிள், அதாவது ரெடிமேட் ஒலித் துண்டு. ஒலியை யாரும் செய்யறதில்லை, பொறுக்கி அடுக்கறாங்க. தப்புன்னா எங்கே தப்புன்னு காட்டுங்க.

பழைய கீபோர்டு

தம்பி, நகையை அடகு வெச்சு வாங்கின ஆளு நான். அதனால பேசலாம்னு நினைக்கிறேன். நீங்க சொல்ற மல்லுக்கட்டு எதுவும் நடக்கல.

யமஹா டிஎக்ஸ்7ங்கிற கீபோர்டு சின்த் 1983-ல வந்துச்சு. உள்ளே ஆறு ஆபரேட்டர் (ஒலி அலையை உண்டாக்கற பகுதி), அதுகளை ஒண்ணோட ஒண்ணு கோக்க 32 அல்காரிதம். வெளியே பார்த்தா ரெண்டு வரி எல்சிடி, மதிப்பை மாத்த ஒத்தை ஸ்லைடர், தொட்டா தொட்டதே தெரியாத பட்டன்கள். அதுக்கு முந்தின சின்த்ல ஒரு குமிழைத் திருகினா உடனே காதுல தெரியும். இதுல ஒரு எண்ணை 67-லேர்ந்து 71 ஆக்கினா என்ன ஆகும்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதனால உலகம் பூரா பெரும்பாலானவங்க கம்பெனி வெச்சுக் குடுத்த ‘இ.பியானோ 1’-ஐ அழுத்திட்டுப் போயிட்டாங்க. 80-களின் மெலடியில கண்ணாடி டம்ளரைத் தட்டின மாதிரி ஒரு பியானோ வரும் பாருங்க, அதுதான். மேடையில நாங்களும் அதையேதான் அழுத்தினோம். கேசட்ல கேட்டது அப்படியே வரலைன்னா முன்வரிசைக்காரர் முகம் மாறிடும்.

இரைச்சல்

அண்ணன் சொன்னதோட ஃபேர்லைட்ங்கிற சாம்ப்ளரையும் (ஒலியைப் பதிஞ்சு கீபோர்டுல வாசிக்கிற கருவி) சேர்த்துக்கங்க. சிட்னியில 1979-ல செஞ்சது, இங்கிலாந்துல விலை ஏறக்குறைய 18,000 பவுண்டு. டிஎக்ஸ்7 எல்லாம் அதுக்கு முன்னாடி சில்லறைக் காசு. அதோட வந்த டிஸ்க்ல ‘ஆர்க் 5’னு ஒரு சாம்பிள் இருந்துச்சு, ஸ்ட்ராவின்ஸ்கியோட ‘ஃபயர்பேர்டு’லேர்ந்து வெட்டி எடுத்த ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா அடி. 1982-ல ‘பிளானட் ராக்’ங்கிற நடனப் பாட்டுல அது வந்துச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் அதுவோ அதோட நகலோ இல்லாத நடனப் பாட்டைத் தேடிப் பிடிக்கணும். அத்தனை பவுண்டு குடுத்தவனும் ஃபாக்டரி டிஸ்கைத்தான் சொருகினான், பாண்டி.

கோவை பேஸ்

ரெண்டு பேரும் சொல்றது சரிதானுங்க. ஆனா ஒரு வித்தியாசத்தைத் தாண்டிப் போறீங்க. இ.பியானோ 1 ஒரு டோன். அதுல என்ன வாசிக்கணும்ங்கிறதை வாசிக்கிறவர்தான் யோசிக்கணும். இப்ப விக்கிறது டோன் இல்லீங்க, வாசிச்சு முடிச்ச நாலு பார். கீ (சுருதி) எழுதியிருக்கு, பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) எழுதியிருக்கு, ‘டார்க்’னு மனநிலை வரைக்கும் எழுதியிருக்கு. இழுத்து விட்டா உக்காந்துக்கும். இது வேற விஷயமில்லீங்களா?

பகல்கனவு

> வாசிச்சு முடிச்ச நாலு பார்

2007-ல ரியானாவோட ‘அம்ப்ரெல்லா’ கேட்டிருப்பீங்க. அதோட டிரம், ஆப்பிளோட கராஜ்பேண்ட் மென்பொருள்ல சும்மா வர்ற லூப் (திரும்பத் திரும்ப ஓடற துண்டு). ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’. அப்ப மேக் வெச்சிருந்த எல்லார்கிட்டயும் அது இருந்துச்சு. பாட்டு ஒருத்தர்கிட்டேர்ந்துதான் வந்துச்சு.

கோவை பேஸ்

அது குரலும் டியூனும் தூக்கின பாட்டுங்க. வாய்ப்பாட்டே இல்லாத டிராக்குல லூப்தான் மொத்தமும். எலக்ட்ரானிக் பத்தித்தானுங்களே பேசறோம்.

பகல்கனவு

அது நியாயம்.

ஈஸ்ட்ஹாம் வாசி

வாய்ப்பாட்டில்லாத லூப் எண்டால் ஜங்கிள் எண்ட லண்டன் நடன இசையைப் பற்றிக் கதைக்காமல் ஏலாது. 90களின்ர தொடக்கத்தில நான் லண்டனுக்கு வந்தனான். நாலு பேர் ஒரு வீட்டில. கீழ்வீட்டுப் பெடியன் ஒருத்தனிட்ட அமிகா 500 எண்ட கொம்பியூட்டர் ஒண்டு, ரீவிப்பெட்டியில கொழுவினது. அதில நாலு சானல், எட்டு பிட். ஒக்டாமெட் எண்ட மென்பொருள் பத்திரிகையோட வாற டிஸ்கில கூடக் கிடைச்சதெண்டு அவன் சொல்லுவான்.

அவன் வச்சிருந்ததும் ஒரு ரெடிமேட் லூப்தான். ‘ஏமென் பிரேக்’. 1969-ல த வின்ஸ்டன்ஸ் எண்ட குழு போட்ட ஒரு பாட்டில கிரெகரி கோல்மன் தனிய அடிச்ச நாலு பார், ஏழு செக்கனும் வராது. ஜங்கிள் முழுக்க அதின்ர மேலதான் நிக்குது. கோவைக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் என்ர மறுமொழி: எல்லாரிட்டயும் ஒரே நாலு பார்தான் இருந்தது, ஆனால் ஒருத்தரும் அதை அப்பிடியே இழுத்து விடேல்ல. ஸ்னேரைத் தனிய வெட்டி, கிக்கைத் தனிய வெட்டி, ஒவ்வொண்டுக்கும் கீபோர்டில ஒரு கீ குடுத்து, வேகத்தை 160 பிபிஎம்முக்கு மேல ஏத்தி, திருப்பி அடுக்கினவங்கள். அகாய் சாம்ப்ளர் வச்சிருந்தவை டைம்ஸ்ட்ரெச்சை (சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் இழுக்கிறது) அளவுக்கு மீறி இழுப்பினம். குரல் தகரம் மாதிரி கரகரக்கும். சாம்ப்ளரைச் செய்தவங்கள் அதை மறைக்க வேணும் எண்ட குறையாத்தான் நினைச்சிருப்பாங்கள். ஜங்கிள்காரர் அதையே முன்னுக்குக் கொண்டு வந்து வச்சாங்கள்.

இன்னொண்டு. வெள்ளிக்கிழமை செய்ததை டப்பிளேட் எண்ட ஒற்றைப் பிரதி ரெக்கோட்டில வெட்டி சனிக்கிழமை இரவு கிளப்பில போடுவாங்கள். சனம் ஆடாட்டி அது செத்துப் போச்சு. போன கிழமை மற்றவன் ஸ்னேரை எப்பிடி வெட்டினவனோ, இந்தக் கிழமை அதைவிட வேற மாதிரி வெட்ட வேணும். இல்லாட்டி வெக்கம்.

கோல்மனுக்கு அந்த ஏழு செக்கனுக்கு ஒரு சதமும் கிடைக்கேல்ல, 2006-ல வீடில்லாமல் செத்தவர். 2015-ல பொதுமக்களிட்டச் சேர்த்த 24,000 பவுண்ட்ஸ் குழுவின்ர ரிச்சர்ட் ஸ்பென்சரிட்டக் குடுபட்டது. ‘மலிவு’ எண்டு கதைக்கேக்குள்ள இதையும் ஒருக்கா நினைக்க வேணும்.

லூப்பாண்டி

ஸ்பென்சர் விஷயம் தெரியும், கோல்மன் கதை தெரியாது. ரொம்பக் கஷ்டமா இருக்கு.

ஆனா வாதத்துக்கு வர்றேன். நீங்க சொல்றதெல்லாம் அமிகாவோட பற்றாக்குறையால வந்த புதுமைதானே? நாலு சானல்தான் இருந்துச்சு, அதனால யோசிச்சாங்க. எனக்கு இப்ப ஆயிரம் டிராக் திறக்கலாம். அதனால யோசிக்கல. என் கட்சிக்குத்தான் பலம்.

இரைச்சல்

பற்றாக்குறையை ரொம்பப் புகழாதீங்க. நாலு சானல் இருந்த எத்தனையோ பேர் நாலு சானல்ல சலிப்பான இசை போட்டிருக்காங்க. அவங்க டிஸ்க் எதுவும் நம்ம கைக்கு வரலை, அவ்வளவுதான். ஈஸ்ட்ஹாம் அண்ணா கடைசியில சொன்ன டப்பிளேட் விஷயத்துலதான் எனக்குச் சாவி இருக்கிற மாதிரி படுது. 303-ஐ வெச்சுச் சொல்றேன். கொஞ்சம் நீளும்.

ரோலண்டு டிபி-303ங்கிற பேஸ் சின்தசைசர். தடாவோ கிகுமோடோ வடிவமைச்சது. தனியா கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கும்னு சொல்லி வித்தாங்க. சத்தம் பேஸ் கிட்டார் பக்கத்துலகூட வரலை. அதுல பேட்டர்ன் ஏத்திப் பார்த்தவங்களுக்கு இன்னொரு வேதனை தெரியும். சுரங்களை ஒரு மோட்ல வரிசையாத் தட்டணும். எந்த அடியில ஒலிக்கணும், எங்கே கட்டணும், எங்கே மௌனம்ங்கிறதை வேற மோட்ல தட்டணும். ரெண்டையும் பெட்டி உள்ளே சேர்த்துக்கும். முதல்ல ஒரு சுரம் கூடிப் போச்சுன்னா, பின்னாடி இருக்கிற எல்லாம் ஒரு இடம் தள்ளி உக்காரும். நீங்க நினைச்ச பேஸ் லைன் வராது, அதோட ஒண்ணுவிட்ட தம்பி வரும்.

1984-ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. செஞ்சது மொத்தம் பத்தாயிரம் சொச்சம். வாங்கினவங்க பழைய சாமான் கடையில தள்ளிவிட்டாங்க. சிகாகோவுல ஃப்யூச்சர்னு ஒரு குழு, டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே. அவங்க கைக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு. பேட்டர்ன் ஓடிட்டிருக்கும்போதே ஒலியோட நிறத்தை மாத்தற கட்-ஆஃப், ரெசனன்ஸ் குமிழ்களை முறுக்கினாங்க. அந்த ரெண்டும் ஒரு தடவை வெச்சுட்டு விட்டுடற குமிழ்கள். இவங்க அதையே வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பெட்டி கத்துச்சு, முனகுச்சு. 1987-ல டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ அதுதான்.

இதுல எனக்குப் பிடிச்ச பகுதி வெளியீட்டுக்கு முன்னாடி நடந்தது. டிஜே பியர் பல பேட்டியில சொல்லியிருக்கார். டேப்பை மியூசிக் பாக்ஸ் கிளப்ல டிஜே ரான் ஹார்டிகிட்ட குடுத்தாங்க. முதல் தடவை போட்டதும் ஆடிட்டிருந்தவங்க தளத்தை விட்டு விலகிட்டாங்க. அதே ராத்திரி ஹார்டி மறுபடி போட்டார், திரும்பவும் போட்டார். நாலாவது தடவை கூட்டத்துக்கு வெறி பிடிச்சிடுச்சு.

மலிவு இங்கே செஞ்ச வேலை ஒண்ணு இருக்கு. கெட்டுப்போனாலும் போகட்டும்னு முறுக்கலாம். 18,000 பவுண்டு பெட்டியை யாரும் அப்படித் தொடமாட்டாங்க. மீதி வேலையைச் செஞ்சது, பிடிக்காத ஒண்ணை ஒரே ராத்திரியில நாலு தடவை போட்ட ஒரு டிஜேவும், கிளம்பிப் போகாம நின்ன ஒரு கூட்டமும். நம்ம ‘புது டிராக்’ பகுதியில போடற பாட்டை யார் கேக்கறாங்க? பாட்டு போடற இன்னும் நாப்பது பேர். ‘லோ எண்ட் சுத்தமா இல்ல ப்ரோ’, ‘மாஸ்டரிங் நல்லா இருக்கு’. பரீட்சை எழுதறவங்களே விடைத்தாள் திருத்தறாங்க. அங்கே எல்லாரும் ஒரே மாதிரி எழுதாம வேற என்ன பண்ணுவாங்க?

பழைய கீபோர்டு

கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

லூப்பாண்டி

அருமையான கதை. ஆனா ஜெயிச்சவன் கதை. பத்தாயிரம் 303 வித்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. மீதி ஒன்பதாயிரத்து சொச்சம் பேர் என்ன பண்ணாங்க?

இரைச்சல்

ஒருத்தர் என்ன பண்ணார்னு தெரியும். பம்பாய். சரண்ஜித் சிங். இந்திப் படப் பாட்டுகளுக்கு வாசிச்ச செஷன் கலைஞர், கல்யாண மேடையிலயும் வாசிப்பார். 303 புதுசா வந்தப்பவே வாங்கிட்டார். கூட டிஆர்-808 டிரம் பெட்டி, ஜூபிட்டர்-8 சின்த். 1982-ல எச்எம்வியில ஒரு எல்பி: பத்து ராகம், டிஸ்கோ தாளம். 808 நாலு நாலா அடிக்குது, கீழே 303 ராகத்தோட சுரங்களைச் சுத்திச் சுத்தி ஓட்டுது, மேலே ஜூபிட்டர் ஆலாபனை மாதிரி போகுது. பூபாலி, மால்கௌன்ஸ் எல்லாம் இருக்கு. நமக்கு மோகனம், இந்தோளம்னு சொன்னா காதுக்கு உடனே பிடிபடும். 303-ல ‘ஸ்லைடு’னு ஒரு பட்டன் இருக்கு, ஒரு சுரத்துலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும். ஜப்பான்காரர் அதை கிட்டார் தந்திக்காக வெச்சிருப்பார். ராகத்துல கேக்கறப்போ அது வேற ஏதோ ஆகுது.

சிகாகோவுக்கு ஐஞ்சு வருஷம் முன்னாடி. கேட்டா இது அந்த 303 முறுக்கல்லேர்ந்து பிறந்த ஆசிட் ஹவுஸ்தானேன்னு தோணும். அவருக்கு அப்படி ஒரு பேரே தெரியாது. பாண்டி, உங்க ‘விலை குடுத்து வாங்கினவன்’ இவர்தான். புதுமைன்னா இதைவிடப் புதுமை வேணுமா? ரெக்கார்டு விக்கலை. அதைக் கேட்டுட்டு அடுத்தவன் ஒண்ணு போட, அதைக் கேட்டு இவர் இன்னொண்ணு போட, அது எதுவும் நடக்கலை. 2010-ல மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் கேட்டுச்சு. எழுபது வயசு தாண்டி வெளிநாட்டு மேடையில அதை வாசிச்சார். 2015-ல காலமாயிட்டார்.

இதே மாதிரி அகமதாபாத். என்ஐடிங்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல 1969-ல டேவிட் டியூடர்ங்கிற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். அரசு நிறுவனத்துல, அவ்வளவு விலையான கருவி. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரான்னு சிலர் 1972 வரைக்கும் அதுல செஞ்சு பார்த்த டேப்புகள் காப்பகத்துல கிடந்து 2023-லதான் ரெக்கார்டா வெளிவந்துச்சு. கேட்டுப் பாருங்க, ஆள் மாதிரி ஆள் கிடையாது. ஆனா அரை நூற்றாண்டு யாரும் கேக்கலை. கேக்காததால பின்னாடி ஒண்ணும் முளைக்கலை.

லூப்பாண்டி

இது என் கட்சிக்கும் இல்ல, உங்க கட்சிக்கும் இல்ல போலயே. விலை கூடின கருவியிலயும் புதுசு வருது, மலிவுலயும் வருது.

இரைச்சல்

என் கட்சியே அதுதான்யா.

பகல்கனவு

ப்ரீசெட்னாலே (கம்பெனி முன்னாடியே வெச்சுக் குடுத்த ஒலி) கேவலம்ங்கிற மாதிரி எல்லாரும் பேசறதுல எனக்கு உடன்பாடில்ல. தென்னாப்பிரிக்காவோட அமாபியானோ நடன இசையை எடுத்துக்கங்க. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா டவுன்ஷிப்கள்ல பசங்க எஃப்எல் ஸ்டூடியோங்கிற மென்பொருள்ல செஞ்ச இசை, பல பேர் கிராக் (திருட்டு) காப்பி. அதோட அடையாளமே ‘லாக் டிரம்’. மரத்துல தட்டின மாதிரி ஆரம்பிச்சு அடிவயித்துல போய் முடியற பேஸ். அது என்னன்னு நினைக்கிறீங்க? எஃப்எல்லோட வர்ற டிஎக்ஸ்10ங்கிற சின்த் பிளகின்ல இருக்கிற ஒரு ப்ரீசெட். பேரே லாக் டிரம்தான். வருஷக்கணக்கா எல்லார் கம்ப்யூட்டர்லயும் சும்மா கிடந்துச்சு. எம்டியூ அப்படிங்கிற தயாரிப்பாளர்தான் அதைக் கொண்டுவந்தார்னு அங்கே பலர் சொல்றாங்க. தாள வாத்தியச் சத்தமா வெச்சிருந்ததை பேஸ் லைனா ஆக்கி, அடி விழ வேண்டிய இடத்துல விடாம இடம் மாத்தி விழ வெச்சாங்க. டாக்ஸியிலயும் ஷெபீன்லயும் (டவுன்ஷிப் சாராயக்கடை) ஓடி ஓடிப் பிரபலமாச்சு.

ப்ரீசெட்டை மாத்தவே வேண்டாம், அதோட வேலையை மாத்தினா போதும்னு இதுல தெரியுது. இப்ப லாகோஸ்லேர்ந்து லண்டன் வரைக்கும் எல்லா பாட்டுலயும் லாக் டிரம் வந்து அலுப்பாயிடுச்சுங்கிறதும் உண்மைதான், அதை மறுக்கலை.

பழைய கீபோர்டு

மலிவு எதைக் கெடுத்துச்சுன்னு கேட்டா நான் வேற பதில் சொல்வேன். சொந்தச் சரக்கு இருக்கிறவன்கிட்டேர்ந்து அதை யாரும் பறிக்க முடியாது. கூலிதான் போச்சு. எங்க குழுவுல ஒரு காலத்துல தபேலா, டோலக், டிரம்ஸ், காங்கோ, பேஸ் கிட்டார், ரெண்டு வயலின், புல்லாங்குழல். அப்புறம் ரிதம் பேட் (தட்டினா தாளம் ஒலிக்கிற மின்னணுப் பலகை) வந்துச்சு, நாலு ஆள் ஒரு ஆள் ஆனாங்க. அப்புறம் இந்தியன் ஸ்டைல் ஏத்தின கீபோர்டு வந்துச்சு, இடது கையில கார்டைப் பிடிச்சா பேஸும் தாளமும் தானா ஓடும். இப்ப பென்டிரைவ் டிராக்கும் ரெண்டு பாடகரும். கல்யாண வீட்டுக்காரரைக் குத்தம் சொல்ல முடியாது, பாதிச் செலவு மிச்சம்.

டோலக் வாசிச்சவர் ஒரு ஊர்ல ஒரு மாதிரி இழுப்பார், இன்னொரு ஊர்க்காரர் வேற மாதிரி. ஒரே பாட்டு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நடையிலயும் எங்க பக்கம் ஒரு நடையிலயும் போகும். ஸ்டைல் ஃபைல்ல அது இல்ல. தம்பி ‘எல்லாம் ஒரே மாதிரி’ங்கிறது எனக்கு அங்கேதான் கேக்குது, உங்க டெக்னோவுல இல்ல.

கோவை பேஸ்

அண்ணா சொன்ன அந்த இழுப்புதானுங்க நானும் தேடிட்டிருக்கிறது. கட்டத்துக்குள்ள சொல்லி அடிச்ச மாதிரி விழறதே மென்பொருளோட குணம். திறந்த உடனே நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். எஃப்எல் ரொம்ப நாள் 140 பிபிஎம்லதான் திறந்துக்கும், கிரைம்ங்கிற லண்டன் இசை 140-ல இருக்கறதுக்கே அதுதான் காரணம்னு ஒரு கதை உண்டு. நான் முழுசா நம்பலீங்க, ஆனா அப்படி ஒரு கதை பரவற அளவுக்கு அதுல ஏதோ இருக்கு. மிஸ்ர சாபுவுல ஒரு டெக்னோ பண்ணலாம்னு பார்த்தா, வாங்கின லூப் ஒண்ணுகூட ஏழுல உக்காராது. அப்பதான் எல்லாத்தையும் நானே வெட்டணும்.

ஈஸ்ட்ஹாம் வாசி

கட்டமே இல்லாமல் செய்த ஆள் இருக்கிறார். பரியல் எண்ட லண்டன் தயாரிப்பாளர். சவுண்ட் ஃபோர்ஜ் எண்ட சாதாரண ஓடியோ எடிட்டரில, அடிகளைக் கட்டத்தில அடுக்கிற சீக்வென்சர் இல்லாமல், அலையைக் கண்ணால பார்த்துப் பார்த்து டிரம்மை வச்சவர். 2007-ல வந்த ‘அன்ட்ரூ’ அல்பத்தைப் போட்டுக் கேளுங்கோ. ஸ்னேர் ஒவ்வொண்டும் கொஞ்சம் பிந்தியோ முந்தியோ விழும். அதுவும் சாதாரண மென்பொருள்தான்.

சந்தா கட்டாதவன்

எல்லாரும் இவ்வளவு எழுதறீங்க, சூனோங்கிற ஏஐல ஒரு வரி தட்டினா மொத்தப் பாட்டும் வந்துடுது. இதுக்கு மேல என்ன ஒரிஜினாலிட்டி?

மட்டுறுத்துநர்

ஏஐ பற்றிப் பேச ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள். அமாபியானோ பதிவில் இருந்த கிராக் பதிவிறக்க இணைப்பை நீக்கிவிட்டேன்.

பகல்கனவு

நான் இணைப்பு எதுவும் குடுக்கலை சார், எனக்குக் கீழே யாரோ போட்டது. 😐

மட்டுறுத்துநர்

ஆம், உங்களுடையது அல்ல. அந்தப் பதிவையே எடுத்துவிட்டேன்.

லூப்பாண்டி

சரி, முழுசா ஒத்துக்கலைன்னாலும் கேள்வியை மாத்திக்கறேன். எனக்கு மியூசிக் பாக்ஸும் இல்ல, டவுன்ஷிப் டாக்ஸியும் இல்ல. சென்னையில இந்த மாதிரி இசைக்கு ஆடற கூட்டம் ஏதாவது ஹோட்டல் பார்ல இருக்கும், அங்கேயும் டிஜே தெரிஞ்ச பாட்டைத்தான் போடணும்னு சொல்லிடறாங்க. நான் யார்கிட்ட போட்டுக் காட்டறது?

பழைய கீபோர்டு

எங்க ஊர்த் திருவிழாவுக்கு வாங்க. சாமி புறப்பாட்டுக்கும் கச்சேரிக்கும் நடுவுல அரை மணி நேரம் மைக்செட்காரர் சும்மா ஏதாவது போட்டுட்டிருப்பார். பேசி வெக்கறேன். ஆடுவாங்களா மாட்டாங்களான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், வயசானவங்க வாய்விட்டே சொல்லுவாங்க. ஹார்ன் ஸ்பீக்கர் பாதி, பாக்ஸ் பாதி, அதனால உங்க சப்-பேஸ் எல்லாம் அங்கே எடுபடாது. நடு அலைவரிசையில வேலை செய்ங்க.

கோவை பேஸ்

அண்ணா, வரும்போது உங்க டோலக்காரர் கிடைச்சா ஒரு பத்து நிமிஷம் வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணலாமுங்களா? ஏபிள்டன் லைவ் மென்பொருள்ல ‘எக்ஸ்ட்ராக்ட் குரூவ்’னு இருக்கு, அடி எங்கெங்கே முந்தி எங்கெங்கே பிந்தி விழுதுங்கறதை மட்டும் எடுத்து வேற டிரம்முக்குக் குடுக்கலாம். மெட்ரோனோம் போடாம வாசிக்கணும். மைக் நான் கொண்டாறேன். அவருக்கு என்ன குடுக்கணும்னு சொல்லுங்க, அதுல பேரமில்லை.

பழைய கீபோர்டு

அவர் இப்ப மளிகைக் கடை வெச்சிருக்கார். கேட்டுச் சொல்றேன். தனிச்செய்தியில நம்பர் அனுப்புங்க. லூப்பாண்டி தம்பி, நீங்க டிராக்கை வேவ் ஃபைலா, பென்டிரைவ்ல கொண்டாங்க. எங்க மைக்செட்ல புளூடூத் நம்ப முடியாது.